மாமன் வீட்டுச் சீர்

பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது சாமியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நடந்த நல்லதெல்லாம் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சேந்தமங்கலத்துக்குப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு ஊர். மரவள்ளியும் கடலையும் போடுகிற குடும்பம். குலசாமி மட்டும் மேலே, கொல்லிமலையில் உட்கார்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து, அண்டா, குண்டா, கிடா, பெரியப்பா, அத்தைகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து போய்ப் பொங்கல் வைத்துவிட்டு இறங்கி வருவோம். குடிக்கிற தண்ணீரைக்கூடக் கீழேயிருந்து கேனில் கொண்டுபோவோம். மலைத் தண்ணீர் சளி பிடிக்கும் என்பார் பெரியப்பா. காரணம் அதுவல்ல என்று வேனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டோம்.

அந்த வருஷம் பந்தி நடக்கும்போது, மலைப்பிள்ளைகள் மூன்று பேர் கொஞ்சம் தள்ளிப் பாறைமேல் உட்கார்ந்து எங்கள் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் உண்டு முடிக்கட்டும், அப்பறம் வாங்க, போங்க" என்று பெரியப்பா கையை வீசினார். நான் அப்போது சாமி முன்னால் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இருந்த ஒரே கவலை கணக்கு. என்ன வேண்டிக்கொள்வது? கிடா என்றால் அப்பா முறைப்பார். மொட்டை என்றால் அப்போது எனக்கு மனசு வராது. திகைத்துப்போய்க் கண்ணைத் திறந்தால் எதிரே அந்த மூன்று பிள்ளைகள். "சாமி, கணக்குல மட்டும் பாஸ் பண்ண வெச்சிரு. இந்தப் பிள்ளைங்களுக்கு என்னால ஆனதைச் செய்யறேன்" என்று சொல்லிவிட்டேன்.

தேறிவிட்டேன். எப்படி என்று இன்றுவரை என் கணக்கு வாத்தியாருக்கும் புரியவில்லை.

நாமக்கல் பக்கத்தில் பிறந்தவனுக்குப் பிழைக்க மூன்று வழிதான் உண்டு என்று அப்பா நினைத்திருந்தார்: கோழிப்பண்ணை, லாரி, போர்வெல் வண்டி. நான் கல்லூரி முடித்துவிட்டு, குழந்தைகளுக்காக வேலை செய்யப்போகிறேன், அதற்காக எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்புப் படிக்கப்போகிறேன் என்று போய் நின்றபோது, அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டாள். "கெடா வெட்டறேன்னு வேண்டியிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். இவன் பாரு, ஆயுசு முச்சூடும் இழுக்கற மாதிரி வேண்டியிருக்கறான்!"

அம்மாவுக்குச் சாமி என்றால் விளையாட்டில்லை. திட்டினாளே தவிர, வேண்டுதலை மாற்று என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் சும்மா சொல்லவில்லை. பரீட்சை பயம் போன பிறகும் அந்த மூன்று முகங்கள் போகவில்லை. குலசாமி என்னை அந்தப் பாறைப் பக்கம் திருப்பிப் பார்க்க வைத்தது என்றே நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

இரண்டாம் வருஷம் களப்பணிக்கு எந்த இடம் வேண்டும் என்று கேட்டார்கள். கூடப் படித்தவர்கள் நகரத்தில் ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று எழுதினார்கள். நான் கொல்லிமலை என்று எழுதினேன். மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊரில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும், தாய் தகப்பன் தூரதேசம் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளும் தங்கிப் படிக்கிற விடுதி. மொத்தம் பதினோரு பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொண்டது அதே ஊர் அக்கா ஒருவர். சமைப்பது, குளிப்பாட்டுவது, பாடம் சொல்லிக்கொடுப்பது, அடிக்கிற கையை ஓங்கிவிட்டு அடிக்காமல் இறக்குவது எல்லாம் அவர்தான். நாக்கு மட்டும் அந்த ஊர் மிளகு மாதிரி காரம்.

நான் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் ஏறிப் போவேன். வளைவுகள் எனக்கு ஒத்துக்கொள்ளாது. வழியில் எங்கேயாவது வாந்தி எடுக்காமல் மேலே போய்ச் சேர்ந்ததே கிடையாது. பிள்ளைகளுக்கு இது பெரிய கொண்டாட்டம். பஸ் வந்து நின்றதும் ஓடி வருவார்கள். "சார், இன்னைக்கி எத்தனாவது வளைவுங்க?" முப்பத்தெட்டு என்று நான் சொன்னால், முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தவன் ஒரு குதி குதிப்பான். உலகத்தில் ஒரு சமூகப் பணியாளன் இவ்வளவு எளிதாகக் குழந்தைகளிடம் ஒட்டியிருக்க மாட்டான்.

ஒருத்தி மட்டும் ஓடி வர மாட்டாள். ஆறு வயசுப் பெண். ஒன்றாம் வகுப்பு. அப்பா, மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து போய்விட்டார். அம்மா காய்ச்சலில் முந்தின வருஷம் போய்விட்டாள். சித்தப்பாவும் சின்னம்மாவும் கொண்டுவந்து விடுதியில் விட்டிருந்தார்கள். பலாமரத்தடியில் தனியாக உட்கார்ந்து, தலையில் ஒரு மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

துணிக்குள்ளே இருந்தது பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி. இடுப்பு வரைக்கும் நீளம். பிறந்தபோது பிழைக்காது என்றிருந்த பிள்ளைக்காக அவள் அம்மா வேண்டிக்கொண்டாளாம்: பிழைத்தால் முதல் முடி மலைச்சாமிக்கு. பிழைத்துவிட்டாள். ஆனால் முடி இறக்க வேண்டுமென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அம்மாவோ கூடப் பிறந்தவர் இல்லாத ஒற்றைப் பிள்ளை. மாமன் இல்லை, மடி இல்லை. முடி அப்படியே வளர்ந்துகொண்டே போயிற்று.

அம்மா இருந்தவரை எண்ணெய் வைத்துச் சீவி வைத்திருக்கிறாள். அவள் போனபிறகு சிக்குப் பிடித்து, பேன் விழுந்து, தலையெல்லாம் புண். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: "முடியை எடுத்தாத்தான் மருந்து போட முடியும். புண் உள்ள எறங்குது." வகுப்பில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று தள்ளித் தள்ளிப் போனார்கள். சண்டை வந்தால் பிள்ளைகள் ஆளாளுக்கு அப்பன், மாமன், அண்ணன் என்று இழுப்பார்கள். இவள் இழுக்க ஆளில்லாமல் பேசாமல் துணியை இறுக்கிக்கொள்வாள்.

"மருந்துக்காக வெட்டிடலாமே அக்கா, சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டேன்.

"சாமி கோவிச்சுக்காதுங்க. அவங்க சித்தப்பன் கோவிச்சுக்குவான்" என்றார் அக்கா. "நேந்த முடியில மொறையில்லாம கத்தி பட்டா அந்த நிமிசமே பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிருவான். அப்பறம் பள்ளிக்கூடமாவது ஒண்ணாவது."

கூட்டிக்கொண்டு போவதற்கு அந்தச் சித்தப்பா அதிக நாள் காத்திருக்கவும் இல்லை. ஒரு சனிக்கிழமை வந்து நின்றார். ஒல்லியான மனிதர். கண்ணில் கெட்டது எதுவும் தெரியவில்லை, களைப்புத்தான் தெரிந்தது. அடுத்த மாதம் அவரும் மனைவியும் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போகிறார்களாம். கைக்குழந்தை ஒன்று இருக்கிறது.

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கிட்ட உக்கார மாட்டேங்குதாமுங்க. தலையும் ஆற மாட்டேங்குது. இங்க சும்மா எதுக்குங்க கெடக்கோணும்? எங்ககூட வந்து தம்பிப் பாப்பாவைப் பாத்துக்கட்டும்."

ஆறு வயசுப் பிள்ளை ஒரு கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறது. ஒன்றாம் வகுப்பு அத்தோடு முடிகிறது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் நடந்து வரும்.

"முடிதானே பிரச்சினை? மாமன் மடிதானே வேணும்? நான் மாமனா உக்காரறேன். போதுமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். சித்தப்பா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "வெளையாட்டுக்குச் சொல்றீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சாமிகிட்டப் பூக் கேக்கலாம். சாமி குடுத்தா எனக்குச் சரிங்க."

மறுநாள் காலையிலேயே ஊர் கூடிவிட்டது. அது எங்கள் குலசாமியேதான். வருஷா வருஷம் நாங்கள் பொங்கல் வைக்கிற அதே கல், அதே வேல். ஆனால் ஊர்க்காரர்கள் நடுவில் நின்று பார்த்தபோது வேறு சாமி போலத் தெரிந்தது. பூசாரி கல்லைக் கழுவி, ஈரத்தில் ஒரு வெள்ளை அரளிப்பூவை உச்சியில் ஒட்ட வைத்தார். வலதுபக்கம் விழுந்தால் சம்மதம். இடதுபக்கம் விழுந்தால் இல்லை. அவ்வளவுதான்.

பூ விழவே இல்லை. கால் மணி நேரம், அரை மணி நேரம். எல்லோரும் பூவையே பார்க்கிறோம். பனி வேறு. நடுவில் ஒரு ஆட்டுக்குட்டி எங்கிருந்தோ வந்து, பூவைத் தின்ன மூஞ்சியை நீட்டியது. ஊரே "ஏய் ஏய்" என்று கத்தியது. அக்கா பார்த்த பார்வையில் அது துள்ளிப் பின்வாங்கிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கணக்குப் பரீட்சைக்குப் பிறகு அவ்வளவு பயத்தோடு நான் கும்பிட்டதில்லை. 'சாமி, அன்னைக்கு எனக்காகக் கேட்டேன், குடுத்த. இன்னைக்கு அந்தப் பிள்ளைக்காகக் கேக்கறேன். குடுக்காம போயிராத' என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டிருக்கும்போது பூ நகர்ந்து, வழுக்கி, வலதுபக்கம் விழுந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். வளர்பிறை வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்டவன் மாதிரி விடுதிக்குத் திரும்பினேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க சார், ஊட்டுல சொல்லிட்டீங்களா?"

"எதுக்குங்க அக்கா? நான்தானே உக்காரப்போறேன்?"

அக்கா என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார். "மாமன்னா ஒரு ஆளுன்னு நெனச்சுக்கிட்டீங்களா? மாமன்னா ஒரு ஊடுங்க. மாமன் ஊட்டுச் சீரு வரோணும். மொத முடியைத் தாம்பாளத்துல வாங்கறது மாமனோட அம்மா. அவங்க இல்லாம எப்படிங்க கத்தி வெப்பாங்க?"

பாருங்கள், நானும் இதே சீமையில் பிறந்து வளர்ந்தவன். எத்தனை காதுகுத்துக்குச் சீர்த்தட்டு தூக்கியிருக்கிறேன். ஆனால் தட்டு தூக்குகிறவனுக்குப் பந்தியில் என்ன போடுவார்கள் என்பதில்தான் கவனம் இருக்கும். மடி ஒன்று போதும் என்று நினைத்து வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்தது என் வாய், ஆனால் நிறைவேற்ற வேண்டியது என் அம்மா. அதை நினைத்ததும் கீழே இறங்குகிற பஸ்ஸிலும் வாந்தி வந்தது. இறங்கும்போது எனக்கு வருவதே இல்லை.

அம்மா கொட்டகையில் மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கை கலக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப அந்தப் பிள்ளையைப் பெத்தவ உனக்கு என்னடா ஆவா?"

"அக்கா."

"உனக்கு அக்கான்னா எனக்கு யாரு? மகளா?" இப்போது கை நின்றது. "நான் பெக்காத மக, பாக்காத மக, செத்துப்போன மக! ஏன்டா, சொந்தம்னா கடையில வாங்கற சாமானா? சனம் என்ன பேசும்? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு மலையிலிருந்து வந்து நின்னா உங்க பெரியப்பன் என்ன சொல்லுவான், தெரியுமா?"

"கேன்ல தண்ணி தூக்கிக்கிட்டுச் சாமி கும்பிடப் போற குடும்பம்தானே நாம! வேற என்ன சொல்லுவாங்க?" என்று கத்திவிட்டேன். அம்மா தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கத்தியிருக்கக் கூடாது. அவளை அப்படிப் பேசியது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு பத்து நாள் பேச்சில்லை. சோற்றுத்தட்டு மட்டும் என் முன்னால் 'ணங்' என்று வந்து விழும். அப்பா ஓரமாகக் கூப்பிட்டு, "உன்ற வாய் பெருசுன்னு நெனச்சிருந்தேன். உங்கம்மா சும்மா இருந்தா அதைவிடப் பெருசா இருக்குது" என்றார். ஒரே ஒருமுறை, நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் அம்மா கேட்டாள்.

"பூ எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"வலதுபக்கம்."

என் தட்டை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.

கல்லூரியில் வழிகாட்டும் பேராசிரியரிடம் சொன்னேன். குழந்தைகளோடு உறவு கொண்டாடக் கூடாது, எல்லை வேண்டும் என்று இரண்டு வருஷமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை அறிக்கையில எந்தத் தலைப்புல எழுதுவ?" என்றார். தெரியவில்லை என்றேன். "எனக்கும் தெரியல. போயிட்டு வா" என்றார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் தனியாக ஏறினேன். பையில் ஒரு பட்டுப்பாவாடை, ஒரு ஜோடி கம்மல், ஒரு சீப்பு வாழைப்பழம், கையில் மாலை. நாற்பத்து மூன்றாவது வளைவில் ஜன்னல் பக்கம் தலையை நீட்டியபோதும் மாலையை மட்டும் மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். கண்டக்டர், "கல்யாணமுங்களா?" என்றார்.

மேலே ஊரே கூடியிருந்தது. அடுப்பில் சாமைப் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. விடுதிப் பிள்ளைகள் பத்துப் பேரும் குளித்து, தலையைப் படிய வாரி, வரிசையாக நின்றார்கள். முடி எடுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பலகை போட்டிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளிச் சின்னம்மா கைக்குழந்தையோடு நின்றாள். அவள் காலடியில் இரண்டு பை கட்டி வைத்திருந்தது. மறுநாள் காலையில் அவர்களுக்குக் கேரளா வண்டி.

"மாமன் ஊட்டாளுங்க எங்கீங்க?" என்றார் சித்தப்பா.

"வந்துக்கிட்டே இருக்காங்க" என்றேன். குலசாமிக்கு நேரெதிரே நின்று பச்சைப் பொய்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. போனில் டவர் இல்லை, இருந்தாலும் யாரைக் கூப்பிடுவேன்? பொங்கல் இறக்கி வைத்தாயிற்று. பெரியவர்கள் வெயிலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா என்னிடம் வந்து, கோபமில்லாமல்தான் சொன்னார்: "உச்சிக்கு மேல ஆவாதுங்க. வரலீன்னா பரவாயில்லீங்க. நாங்க காலையில பிள்ளையைக் கூட்டிக்கிட்டே போறோம்." அந்தப் பிள்ளை புதுப் பாவாடையில், மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

கீழே ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. எங்கள் ஊர் டெம்போவின் ஹாரன். ஆஸ்துமா வந்த ஆட்டுக் கத்தல் மாதிரி இருக்கும், ஆயிரம் சத்தத்திலும் தனியாகத் தெரியும்.

முதலில் இறங்கியது அம்மா. கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவை. தலைமேல் தாம்பாளம். பின்னால் இரண்டு அத்தைகள், ஆளுக்கு ஒரு தட்டு. ஓட்டி வந்த அப்பாவும் ஒரு தட்டோடு, வழிதவறி வந்தவர் போல இறங்கினார். வண்டியில் இருந்ததையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது தட்டு: சேலை, தேங்காய், பழம், வெல்லம், அரிசி, மஞ்சள், வளையல், பொம்மை ஒன்று, இன்னும் என்னவோ. நான் வாயைத் திறந்தபடியே நின்றேன். அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது பிள்ளை போட்டிருந்த பாவாடையைப் பார்த்தாள்.

"என்னடா இது? காலு முழுசும் தெரியுது. ஒரு வயசுப் பிள்ளைக்கா எடுத்த? கண்ணு எங்க வெச்சிருந்த?"

அந்தப் பூக் கேள்வியைத் தவிர, பத்து நாளைக்குப் பிறகு என் அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு அப்படியே அவள் காலில் விழலாம் போல இருந்தது.

சின்னம்மா ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அத்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மா தாம்பாளத்தை என் கையில் திணித்துவிட்டு, சொம்பை வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தாள். "நல்லா சில்லுன்னு இருக்குது. இவங்களுக்கும் குடு கண்ணு" என்றாள். அத்தைகள் குடித்தார்கள். அப்பா இரண்டு சொம்பு குடித்தார்.

நான் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாலை போட்டார்கள். பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். நாலு அடி தள்ளியே நின்றுவிட்டது. அக்கா கூப்பிட்டார், வரவில்லை. சித்தப்பா தூக்கப் போனார், கத்தியது. அதுவரை அவள் கத்தி நான் கேட்டதில்லை. இரண்டு கையாலும் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சாமி? வலிக்காது, வா. புண்ணெல்லாம் ஆறிரும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "முடியெல்லாம் போயிருச்சுன்னா எங்கம்மாவுக்கு என்னைய எப்படித் தெரியும்?"

இரண்டு வருஷம் குழந்தைகள் மனசைப் பற்றிப் படித்தவன் நான். அடுக்கடுக்காகப் புத்தகம். ஒரு வார்த்தை வரவில்லை. அந்த முடியை அவள் அம்மா தொட்டிருக்கிறாள். தினமும் எண்ணெய் வைத்திருக்கிறாள். அதைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போ என்று நாங்கள் எல்லோரும் கூடி நின்று கேட்கிறோம். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் அம்மா தாம்பாளத்தோடு அவள் முன்னால் போய், முட்டி போட்டு, மண்ணிலேயே உட்கார்ந்தாள். கல்யாணப் புடவை மண்ணில் புரண்டது.

"உங்கம்மா யாரு தெரியுமா? என்ற மக. அப்ப நான் உனக்கு அம்மாயி" என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் சண்டை போடுகிற மாதிரி உறுதியாகச் சொன்னாள். "என்ற மககிட்ட நாஞ் சொல்லிக்கறேன். உன்ற பிள்ளைக்கு நாந்தான் முடி எறக்கினேன், இந்தத் தாம்பாளத்துல நாந்தான் வாங்கினேன், அடையாளம் வேணும்னா என்னையக் கேளுன்னு சொல்லிக்கறேன். நாஞ் சொன்னா அவ கேப்பா. வா சாமி."

பிள்ளை என் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு கையை எடுத்தது. துணியை அம்மாதான் அவிழ்த்தாள். தூக்கி என் மடியில் வைத்தாள். எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. முதல் கற்றை தாம்பாளத்தில் விழுந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். நான் வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல். மாமன் அழக் கூடாதாம், பூசாரி அதட்டினார். முடி இறக்கிய கையோடு காது குத்தும்போது வலி தாங்காமல் பிள்ளை என் கையைக் கடித்துவிட்டது. பல் தடம் ஒரு வாரம் இருந்தது. விடுதியில் எல்லோருக்கும் காட்டினேன்.

மொட்டைத்தலையில் சந்தனம் பூசி, பொம்மையைக் கையில் கொடுத்ததும் சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். கட்டி வைத்த இரண்டு பையில் ஒன்றை அவிழ்த்து, அதிலிருந்த பிள்ளையின் துணிமணிகளை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "எங்களுக்கு மட்டும் ஆசையாங்க, இதை இழுத்துக்கிட்டுப் போவ?" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் மேல் நான் கோபப்பட்டதற்காக எனக்கே என் மேல் கோபம் வந்தது. சாமைப் பொங்கலை எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா மூன்று முறை வாங்கினார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. படிப்பை முடித்துவிட்டு அதே மலையில், அதே பிள்ளைகளுக்கான வேலையில்தான் இருக்கிறேன். விடுதியில் மாமன் இல்லாத பிள்ளைகள் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் உட்கார்ந்தாயிற்று. அம்மா தாம்பாளத்தை எடுத்து உள்ளே வைப்பதே இல்லை. பெரியப்பா எங்களோடு பேசாமல் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார், போன பொங்கலுக்குத் தானே வந்துவிட்டார்.

ஆனால் நான் சொல்லி முடிக்க நினைத்தது அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையை. அன்று சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நம் பிள்ளையின் மொட்டையைத் தட்டித் தாளம் போட்டிருக்கிறான். எப்போதும் பேசாமல் ஒதுங்குகிறவள் அன்றைக்கு எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்து, பள்ளிக்கூடமே கேட்கக் கத்தினாளாம்.

"என்னன்னு கத்தினா? என்னையச் சொல்லித்தானே?" என்றேன். மாமன்கிட்டச் சொல்லிடுவேன் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. மடியில் வைத்தது நான், கடி வாங்கியது நான்.

"உங்களை ஆருங்க சார் சொன்னா? 'எங்க அம்மாயிகிட்டச் சொல்லிப்புடுவேன்'னு கத்தினாளாமுங்க. அந்தப் பையன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டானாம்!"

போனை வைத்துவிட்டு, கொட்டகைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். தீவன வாளியோடு நின்று முழுக்கக் கேட்டாள். வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை உதறிச் செருகினாள்.

"எவன்டா அவன், என்ற பேத்தி தலையில தாளம் போட்டவன்?" என்றாள். "காலையில மொத பஸ் எத்தன மணிக்கு?"